அந்தக் கல்லை உடைக்க விடாத, சாந்தி

அன்புள்ள சாந்தி,

எப்படி இருக்க, வீட்டுக்காரருக்கு பிரஷர் இப்ப பரவால்லயா? இங்க நாங்க நல்லா இருக்கோம். எனக்கு முட்டிவலி மட்டும் விட்டபாடில்ல, மாடிப்படி ஏறும்போதுதான் தெரியுது, மத்தபடி ஓடிட்டு இருக்கேன். பெரியவ சென்னைல வேலை மாறிட்டா, சின்னவன் மாசம் ஒரு தடவ வந்து துணி துவைக்கப் போட்டுட்டுப் போறான், அவ்ளோதான் நம்ம வீட்டு சேதி.

நீ அனுப்புன அந்தக் கல்லோட நாலு போட்டோவையும் நேத்து ராத்திரி பெருசு பண்ணிப் பண்ணிப் பாத்தேன். எட்டாவது படிக்கிற பையன் ஏரி வண்டல்லேருந்து தூக்கிட்டு வந்தான், முத்தின தேங்கா சைஸ் இருக்கு, "டைனோசர் முட்டையா டீச்சர்"னு கேக்குறான், என்ன சொல்லன்னு கேட்டிருந்தல்ல. முட்டை இல்லடி. ஆனா அதை அவன்கிட்ட ஒத்த வார்த்தைல சொல்லி அனுப்பிறாத, அதுக்காகத்தான் இவ்ளோ பெருசா எழுதுறேன்.

உருண்டையா இருக்கறத வச்சு முட்டைன்னு சொல்லவே முடியாது. கல்லு உருண்டையாகறதுக்கு ஆயிரம் வழி இருக்கு. முட்டைன்னா ஓடு இருக்கணும், அவ்ளோதான் விஷயம், ஓட்டைத் தேடணும். உன் மூணாவது போட்டோல ஓரம் கொஞ்சம் பேந்திருக்கு பாரு, அங்க வெளியவும் உள்ளயும் ஒரே பழுப்பு, ஒரே மாதிரி பொடிமணல், உள்ள போகப் போக வெங்காயத்தைக் குறுக்க வெட்டுன மாதிரி வளையம் வளையமா போகுது. ஓடுன்னு தனியா ஒரு படலமே இல்ல. இது கான்க்ரீஷன். கடலடி சேத்துல ஒரு சிப்பியோ நத்தையோ செத்துப் புதையுது, அது அழுகறப்ப சுத்தியுள்ள சேத்தோட கெமிஸ்ட்ரி மாறி, தண்ணில கரைஞ்சிருக்கிற சுண்ணாம்பு அங்கயே படிஞ்சு மண்ணை இறுக்கிப் பிடிச்சு உருண்டை ஆயிருது. சிலதுல உள்ள வெடிப்பு விட்டு அந்த வெடிப்புல கால்சைட்ங்கிற சுண்ணாம்புப் படிகம் ரொம்பி ஆமை ஓடு மாதிரி கட்டம் கட்டமா தெரியும், அதப் பாத்துதான் நெறய பேரு முட்டை வெடிச்சிருக்குன்னு நெனச்சுக்கறாங்க.

ஜியோடுன்னு இன்னொன்னு கேட்டியே, அது வேற கதை. பெரும்பாலும் எரிமலைக் குழம்பு ஆறுறப்ப உள்ள காத்துக் குமிழி மாட்டிக்கும், பின்னாடி அந்த பொந்துல தண்ணி புகுந்து சுவரெல்லாம் குவார்ட்ஸ் படிகம் வளரும், உடைச்சா உள்ள பளபளன்னு குகை மாதிரி இருக்கும். மகாராஷ்டிரால ஜல்காவ் பக்கம் தக்காணத்து எரிமலைக் கருங்கல்லுல, அதாவது பசால்ட்ல, இதெல்லாம் கூடை கூடையா வருது. உங்க பக்கம் அந்த எரிமலைக் கல்லே கிடையாது, அதனால ஜியோடா இருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி.

நிஜ முட்டை ஓட்டை நான் கையில வச்சுப் பாத்திருக்கேன். கல்லூரில படிக்கறப்ப அரியலூர் பக்கம் கல்லமேட்டுக்கு ஃபீல்டு டிரிப் போனோம், அங்கதான் ஓடைக் கரைல நகம் அளவு ஒரு சில்லு கெடைச்சுது. ரெண்டு மில்லிமீட்டர் கனம் இருந்திருக்கும். வெளிப்பக்கம் சீதாப்பழத் தோலை ரொம்ப ரொம்ப சின்னதாக்குன மாதிரி புடைப்பு புடைப்பா, தடவுனா விரல்ல நெருடும். உள்பக்கம் வழவழன்னு இருந்துச்சு. உடைஞ்ச விளிம்பை லென்ஸ்ல பாத்தா அடியில ஒரு புள்ளிலேருந்து மேல விரிஞ்சு போற விசிறி மாதிரி படிகம், விசிறிக்குப் பக்கத்துல விசிறி, நடுநடுவுல மூச்சு விடுற துளை. கான்க்ரீஷனோ ஜியோடோ எத்தனை கோடி வருஷம் கெடந்தாலும் அந்த அமைப்பு வராதுடி, அது ஒரு தாயோட வயித்துல உருவானது. எனக்கு அன்னிக்கு கை நடுங்குச்சு.

ஆனா நான் செஞ்ச தப்பு என்ன தெரியுமா, அதை எடுத்து ஜியாமெட்ரி பாக்ஸ்ல போட்டுட்டு அடுத்த ஓடைக்கு நடந்துட்டேன். சாயங்காலம் சார்கிட்ட காட்டுனப்ப அவரு ரொம்ப நேரம் லென்ஸ்ல பாத்துட்டு, எந்த அடுக்குலேருந்து எடுத்த, மேல என்ன மண்ணு, கீழ என்ன மண்ணுன்னு கேட்டாரு. எனக்கு ஒண்ணும் சொல்லத் தெரியல. எடம் தெரியாத சில்லு பேரில்லாத லெட்டர் மாதிரின்னு சொல்லி திருப்பிக் குடுத்துட்டாரு. இன்னிக்கும் அது எங்கிட்டதான் இருக்கு, பாக்கும்போதெல்லாம் மனசு சங்கடமா இருக்கும். அதனாலதான் அந்தப் பையனைப் பத்தி இவ்ளோ அக்கறையா கேக்குறேன், எந்த எடத்துல, எவ்ளோ ஆழத்துல எடுத்தான்னு அவனையே நோட்டுல எழுத வை.

எடம் ஏன் முக்கியம்னா, பாதி பதில் அதுலயே இருக்கு. டைனோசர் தரையில முட்டை போடுற உயிர். நம்ம பெரம்பலூர் சுத்துவட்டாரத்துல குன்னம், காரை, உத்தத்தூர் பக்கமெல்லாம் கடலடியில படிஞ்ச மண்ணு, அங்க அம்மோனைட்டும் (சுருள் ஓடு வச்சிருந்த, அழிஞ்சுபோன கடல் உயிர்) சிப்பியும்தான் மண்டிக் கெடக்கும். கல்லமேடு மட்டும் கடல் பின்வாங்குனதுக்கப்பறம் ஆறு கொண்டுவந்து கொட்டுன மணல், டைனோசர் காலத்தோட கடைசி, அதனாலதான் எலும்பும் ஓடும் அங்க வருது. 2020 அக்டோபர்ல குன்னத்துல இதே மாதிரி உருண்டை வந்து டைனோசர் முட்டைன்னு வாட்ஸ்ஆப் முழுக்க ஓடுச்சு, ஞாபகம் இருக்கா? வந்து பாத்தவங்க அம்மோனைட் சம்பந்தப்பட்ட கல்லுன்னு சொன்னதும் எல்லாரும் "ச்சே"ன்னு போயிட்டாங்க. எனக்கு அந்த "ச்சே"தான் தாங்கல. முட்டை இல்லன்னா குப்பையா? பல கோடி வருஷத்துக்கு முன்னாடி நம்ம பெரம்பலூர் கடலா இருந்துச்சுன்னு அந்தக் கல்லு சொல்லுதுல்ல.

உங்க மாமியார் பூஜையில சாளக்கிராமம் வச்சிருந்தாங்கல்ல, அதுவும் இதே ஜாதிதான். கண்டகி ஆத்துல உருண்டு வர்ற கருப்பு கான்க்ரீஷன், உள்ள தெரியுற சக்கரம் அம்மோனைட். அந்தப் பையன் கொண்டுவந்த கல்லுக்குள்ளயும் அப்படி ஒண்ணு சுருண்டு படுத்திருக்கலாம். இதை அவன்கிட்ட சொல்லு, முகம் எப்படி மாறுதுன்னு பாரு.

இதுக்கு நேர் எதிரா மத்தியப் பிரதேசத்துல நடந்துச்சு. தார் மாவட்டத்துல பட்லியான்னு ஒரு ஊரு, வயல்ல கெடைச்ச உருண்டைக் கல்லை காக்கர் பைரவ்னு தலைமுறையா கும்பிட்டு வந்திருக்காங்க, நிலத்தையும் ஆடுமாட்டையும் காக்கும்னு. 2023-ல லக்னோ பீர்பல் சாஹ்னி தொல்லுயிர் ஆராய்ச்சி நிறுவனத்து ஆளுங்க வந்து பாத்தா நிஜமாவே டைட்டனோசார்ங்கிற நீளக் கழுத்து டைனோசரோட முட்டை! அதே வருஷம் ஜனவரில, அதே நர்மதைப் பக்கத்துல 92 கூடு, 256 முட்டைன்னு டெல்லி பல்கலைக்கழகக்காரங்க கட்டுரை போட்டிருந்தாங்க, ஒவ்வொண்ணும் 15, 17 சென்டிமீட்டர். பட்லியா சனங்க கும்பிட்டதாலதான் அந்த ஊரு முட்டைங்க உடையாம இருந்துச்சுன்னு நெனச்சா எனக்கு கண்ணு கலங்கிருச்சுடி.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். எலுமிச்சஞ்சாறு விட்டா பொங்கும், பொங்குனா முட்டைன்னு யூட்யூப்ல யாரோ சொன்னதா எழுதியிருந்த. வேணாம். முட்டை ஓடும் சுண்ணாம்பு, உன் கல்லை ஒட்ட வச்சிருக்கறதும் சுண்ணாம்பு, ரெண்டும்தான் பொங்கும். மேல் பரப்பு அரிச்சுப் போறதுதான் மிச்சம். உள்ள என்ன இருக்குன்னு பாக்க சுத்தியல் எடுக்கவும் யாரையும் விடாத.

வர்ற ஞாயித்துக்கிழமை காலைல பஸ்ஸுக்கு வந்துர்றேன், லென்ஸும் அந்த சில்லும் எடுத்துட்டு வரேன், பையன் கையில குடுத்து ரெண்டையும் பக்கத்துல வச்சு அவனே பாக்கட்டும். அப்பறம் அவன் சம்மதிச்சா கல்லை அரியலூர் பக்கத்துல வாரணவாசி ஃபாசில் மியூசியத்துல காட்டிட்டு வருவோம், அவங்க அப்பா அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டு வை. அது வரைக்கும் கல்லை ஊற வச்சு பிரஷ் போட்டுத் தேய்க்காம, துணில சுத்தி உன் பீரோ மேல வை.

உன்
மல்லிகா