கிண்டல் இல்லாமல் என்ன நட்பு?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். இணைய நட்பு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. முகம் பார்க்காதவர்கள் ஒருவர் உடுத்தியதை ஒருவர் கிண்டலடித்துப் பொழுது போக்குவதெல்லாம் நட்பில் சேராது, இந்த அரட்டையால்தான் இன்று யாரும் ஒரு நாவலை முழுதாகப் படிப்பதில்லை என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். இரண்டையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கள் வாட்ஸ்அப் குழுவை வைத்தே சொல்கிறேன்.

பழைய சாகச நாவல் என்றால் உயிரை விடுகிறவர்கள் நாங்கள். அடையாறில் ஒரு அக்கா, அண்ணா நகரில் வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு சார், அம்பத்தூரில் ஐ.டி. வேலையில் இருக்கும் ஒரு தம்பி, பெரம்பூரில் கல்லூரிக்குப் போகும் ஒரு பெண், இன்னும் சிலர். பாதிப் பேரை நான் முதன்முதலில் நேரில் பார்த்ததே நந்தனம் புத்தகக் காட்சியில்தான். யார் என்ன படிக்கிறார்கள், யார் என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்பதுதான் குழுவில் பேச்சு. கல்யாணத்துக்குக் கிளம்பினால் புடவையைப் படமெடுத்துக் குழுவில் போடாமல் எங்களில் யாரும் வாசலைத் தாண்டுவதில்லை.

ஒரு நாள் சாயங்காலம் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தோம். அம்பத்தூர் தம்பி அப்போதுதான் ஆபீஸ் மீட்டிங் முடித்திருந்தான். கஞ்சி போட்டு இஸ்திரி பண்ணிய வெள்ளைச் சட்டை, காலர் பட்டன் வரை மாட்டியிருந்தான். போனுக்குச் சார்ஜர் எடுக்க எழுந்தானோ இல்லையோ, கீழே வெளுத்துப்போன நீலக் கட்டம் போட்ட லுங்கி! அடையாறு அக்கா உடனே, "டேய் போர்த்தோஸ்!" என்று கத்தினார். அவனும் சளைக்காமல் இரண்டு தரம் இருமிக் காட்டி, "எனக்குச் சளி அக்கா, அதான்" என்றான். பெரம்பூர் பெண்ணுக்கு மட்டும் விஷயம் புரியவில்லை. அண்ணா நகர் சார் அவளுக்குக் கதையைச் சொன்னார்.

அலெக்சாந்தர் தூமா 1844-ல் எழுதிய 'மூன்று மஸ்கட்டியர்கள்' நாவலில் வரும் வீரன் போர்த்தோஸ். வாளைத் தொங்கவிடத் தோளிலிருந்து குறுக்காகப் போடும் பட்டை ஒன்று அவனிடம் உண்டு. முன்பக்கம் தங்கச் சரிகை தகதகக்கும். பின்பக்கம் வெறும் தோல், ஏனென்றால் முழுப் பட்டைக்கும் சரிகை போடக் காசு இல்லை. பின்பக்கத்தை மறைக்க மேலங்கியைப் போர்த்திக்கொண்டு, சளி பிடித்திருக்கிறது என்று பொய்யாக இருமுகிறான். ஊரிலிருந்து புதிதாக வந்த தார்த்தான்யான் ஓடுகிற ஓட்டத்தில் அந்த மேலங்கிக்குள் போய்ச் சிக்கிக்கொள்கிறான். கண்ணெதிரே பட்டையின் பின்பக்கம்! குட்டு வெளிப்பட்ட கோபத்தில் போர்த்தோஸ் அவனை மதியம் 1 மணிக்கு வாள்சண்டைக்கு வரச் சொல்கிறான். அதற்கு முன்பே தார்த்தான்யான், போர்த்தோஸின் தோழன் அத்தோஸின் காயம்பட்ட தோளில் மோதி 12 மணிக்கு ஒரு சண்டையைத் தேடிக்கொண்டாயிற்று. அப்புறம் இன்னொரு தோழன் அராமிஸின் காலடியில் கிடந்த கைக்குட்டையை எடுத்துக் கொடுக்கப் போய் 2 மணிக்கு இன்னொன்று. அன்றைக்கே கார்டினல் என்ற மதத் தலைவரின் காவலர்கள் வந்து மறிக்க, தார்த்தான்யான் இந்த மூவர் பக்கம் நின்று வாளை உருவுகிறான். அந்த நிமிஷத்திலிருந்து நால்வரும் பிரியாத தோழர்கள்.

கட்டுரையாளருக்கு நான் காட்ட விரும்புவது இந்த இடத்தைத்தான். உலகமே கொண்டாடும் ஒரு நட்பு, அரைகுறைச் சரிகைப் பட்டையிலும் ஒரு கைக்குட்டையிலும்தான் ஆரம்பிக்கிறது. அதற்கும் முன்னால், நாவலின் முதல் அத்தியாயத்திலேயே, தார்த்தான்யான் ஏறி வந்த மஞ்சள் குதிரையைப் பார்த்து ஒருவன் சிரிக்கிறான். அதில்தான் முதல் சண்டையே மூள்கிறது. அந்தச் சிரிப்பை எடுத்துவிட்டால் கதைக்கு ஆரம்பமே கிடையாது. அன்று ராத்திரியே பெரம்பூர் பெண் நாவலைத் தரவிறக்கிப் படிக்க உட்கார்ந்துவிட்டாள். ஒரு லுங்கிதான் அவளை அந்தப் பெரிய நாவலுக்குள் கொண்டுபோனது. படிப்பைக் கெடுக்கிற அரட்டையா இது?

கிண்டல் எங்களைக் கூர்ந்து படிக்கவும் வைக்கிறது. அக்னி நட்சத்திர வெயிலில் முழுக்கைப் பருத்திச் சட்டையும் தொப்பியுமாக வண்டி ஓட்டும் அண்ணா நகர் சாரை 'குரூசோ' என்று ஓட்டுவோம். அவர் ஒரு நாள் 1719-ல் வெளிவந்த டேனியல் டீஃபோவின் 'ராபின்சன் குரூசோ'விலிருந்தே பதில் எடுத்து வந்தார். கப்பல் உடைந்து தனியாக ஒதுங்கிய தீவில் அத்தனை உஷ்ணத்திலும் குரூசோ வெற்றுடம்போடு திரிவதில்லை. வெயில் பட்டால் தோல் கொப்பளித்துவிடும், சட்டை போட்டால் உள்ளே காற்று ஓடி உடம்பு இன்னும் குளிர்ச்சியாக இருக்கிறது என்று அவனே சொல்கிறான். ஆட்டுத்தோலில் உயரமான தொப்பி தைத்து, பின்கழுத்தில் வெயிலும் மழையும் படாமல் ஒரு மடிப்பும் தொங்கவிடுகிறான். பெரும்பாடு பட்டுக் குடையும் செய்துகொள்கிறான். சின்ன வயதில் நானும் படித்த புத்தகம்தான், ஆனால் அப்போது மணலில் அவன் பார்க்கும் காலடித் தடம்தான் மனசில் நின்றது. சென்னை வெயிலில் கிடந்து வேகிறவர்களுக்கு அந்தச் சட்டைப் பத்தி எவ்வளவு நெருக்கமானது என்று சார் சொல்லித்தான் எனக்கு உறைத்தது.

ஜூல்ஸ் வெர்னின் '80 நாட்களில் உலகைச் சுற்றி' எங்களிடம் படும் பாட்டுக்கு அளவே இல்லை. கோயில் வாசலில் செருப்பைத் தொலைத்துவிட்டு யாராவது புலம்பினால், அவர்தான் அன்றைக்குப் பாஸ்பார்த்து. பம்பாய் மலபார் ஹில்லில் பூட்ஸோடு கோயிலுக்குள் நுழைந்து, பூசாரிகள் அதைக் கழற்றிவிட, வெறுங்காலோடு ரயிலுக்கு ஓடி வருவானே, அவன். அந்தப் பூட்ஸ் கல்கத்தா நீதிமன்றத்தில் சாட்சியாக மேஜைமேல் வந்து உட்கார்கிறது. "என் பூட்ஸ்!" என்று அவனே வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்கிறான். அவன் எஜமானர் ஃபாக் துரைக்கு ஜாமீன் செலவு 2,000 பவுண்டு! சாகசக் கதையில் உடுப்பு எவ்வளவு பெரிய வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

எதை வேண்டுமானாலும் கிண்டல் செய்யலாம் என்று நான் சொல்லவில்லை. நிறம், உடம்பு, துணியின் விலை, இந்த மூன்றையும் எங்கள் குழுவில் யாரும் தொடக்கூடாது. ஒருவர் தானே ஆசைப்பட்டு எடுத்து உடுத்தியதை மட்டும்தான் பேசுவோம். புதிதாக வருகிறவர்களுக்கு அடையாறு அக்கா முதலில் சொல்வது இதைத்தான். கேலி என்ற பெயரில் ஆளைக் குத்துகிற இடங்கள் இருக்கின்றன. கட்டுரையாளர் அவற்றைக் கண்டித்தது நூற்றுக்கு நூறு நியாயம்.

உடை பற்றி இவ்வளவு பேசுகிற எங்களுக்குப் பெரிய ஏக்கம் ஒன்று உண்டு. உங்களுக்கு எழுத உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். 'பொன்னியின் செல்வன்' 1950-லிருந்து 1954 வரை கல்கி இதழில் வந்தபோது வாரா வாரம் மணியம் படம் வரைந்தார். ஆழ்வார்க்கடியானின் முன்குடுமியும் உடம்பெல்லாம் போட்ட நாமமும், பூங்குழலியின் கூந்தலில் இருக்கும் தாழம்பூவும் கல்கியின் எழுத்திலேயே இருக்கின்றன. ஆனால் குந்தவைக்கும் நந்தினிக்கும் கொண்டை எப்படி, நகை எப்படி என்று தமிழ் வாசகர்கள் கண்ணில் பதிந்ததில் மணியத்துக்குப் பெரிய பங்கு உண்டு. குமுதத்தில் சாண்டில்யன் தொடர்களுக்கு லதா வரைந்த படங்களும் அப்படித்தான். 'பொன்னியின் செல்வன்' நாட்டுடைமை ஆன பிறகு மலிவு விலையில் எத்தனையோ பதிப்புகள் வந்துவிட்டன, அது சந்தோஷம்தான். ஆனால் பலவற்றில் படமே கிடையாது. எங்கள் பெரம்பூர் பெண் அப்படி ஒரு பதிப்பில்தான் ஐந்து பாகத்தையும் படித்து முடித்திருக்கிறாள். அக்கா தன் அம்மா பைண்டு செய்து வைத்திருந்த பழைய இதழ்ப் பக்கங்களைப் படமெடுத்துப் போட்டபோது, "இவ்வளவு நாளா இதை ஏன் என்கிட்ட காட்டலை?" என்று கோபித்துக்கொண்டாள்.

ஆகவே ஆசிரியர் அவர்களே, உங்கள் இதழில் மறுபடியும் ஒரு சாகசத் தொடர்கதை வரட்டும். வாரா வாரம் படத்தோடு வரட்டும். ஓவியர் பெயரை மூலையில் பொடி எழுத்தில் போடாமல் எழுத்தாளர் பெயருக்குப் பக்கத்திலேயே போடுங்கள். கதாநாயகி கட்டியிருக்கும் புடவையில் கரை தப்பாக இருந்தால், கடிதம் எழுத நாங்கள் இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மேற்கு மாம்பலம், சென்னை - 33