(3,2) நிரையில் ஒரு குறி

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பின் மச்சான்,

உன் கடிதமும் நீ படிப்பிக்கும் பிள்ளைகளுக்கான பயிற்சித் தாளும் கிடைத்தன. இங்கே கச்சான் காற்று தொடங்கிவிட்டது, பாரம் வைக்காமல் மேசையில் ஒரு தாள் நிற்காது. வீட்டில் எல்லாரும் சுகம். மற்றப் புதினங்கள் கிடக்கட்டும், முதலில் கணக்கு.

5 பொருட்களின் சமச்சீர்க் கூட்டத்துக்கு, அதாவது அவற்றின் 120 வரிசைமாற்றங்களுக்கு, நீ போட்ட கரக்டர் அட்டவணையில் (3,2) நிரை பிழை. கரக்டர் என்பது வரிசைமாற்றத்தைத் தாயமாக எழுதும்போது மூலைவிட்ட உறுப்புகளின் கூட்டுத்தொகை. நிரைக்கும் வகுப்புக்கும் பெயர் 5 இன் பிரிவினைதான்: வகுப்பில் அது வட்டங்களின் நீளம், (3,2) என்றால் ஒரு 3-வட்டமும் ஒரு 2-வட்டமும். (1,1,1,1,1), (2,1,1,1), (2,2,1), (3,1,1), (3,2), (4,1), (5) என்ற வகுப்பு ஒழுங்கில் 5, 1, 1, −1, −1, −1, 0 என்று எழுதியிருக்கிறாய். ஐந்தாவது +1.

(3,2) யங் படம் மேலே 3, கீழே 2 கட்டம். அதன் கொக்கி நீளங்கள் (ஒரு கட்டமும் அதற்கு வலப்புறமும் கீழும் உள்ள கட்டங்களும் சேர்ந்த எண்ணிக்கை) மேல் நிரையில் 4, 3, 1. கீழே 2, 1. வகுப்பின் ஒவ்வொரு வட்டத்துக்கும் அதன் நீளமுள்ள விளிம்புப் பட்டி ஒன்றை, அதாவது படத்தின் வலக் கீழ் ஓரமாகத் தொடரும் கட்டங்களை, உரிக்கவேண்டும். நீளம் 3 ஒரு தடவைதான் வருவதால் 3 கட்ட விளிம்புப் பட்டியும் ஒன்றுதான். அது இரண்டு நிரையைத் தொடுகிறது. உயரம் என்பது நிரைகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைய, ஆகவே 1, குறி −. மிச்சம் (1,1). அதை 2 கட்டப் பட்டியாக எடுக்கும்போது உயரம் திரும்பவும் 1, திரும்பவும் −. இரண்டும் பெருகி +1. நீ முதற் பட்டியின் குறியோடு நின்றுவிட்டாய் போல. 2 கட்டப் பட்டியை முதலில் உரித்துப் பார்: கீழ் நிரை முழுதாகப் போகும், (3) மிஞ்சும், உயரம் எங்குமே இல்லை, நேரே +1. இப்படி உரித்துக் குறிகளைப் பெருக்கிக் கூட்டும் மர்னகன்–நாகயாமா விதியில் எந்த ஒழுங்கில் உரித்தாலும் விடை ஒன்றே. பிள்ளைகளை இரண்டு ஒழுங்கிலும் செய்யச் சொல், குறிப் பிழை அங்கேயே பிடிபடும்.

வர்க்கங்களை வகுப்புப் பருமன்களால் (ஒவ்வொரு வகுப்பிலும் உள்ள வரிசைமாற்றங்களின் எண்ணிக்கையால்) பெருக்கிக் கூட்டினேன், 120 வந்தது, ஆகவே சரி என்று அடியில் எழுதியிருந்தாய். வரத்தான் செய்யும். வர்க்கம் குறியை விழுங்கிவிடும். எல்லாம் 1 ஆன (5) நிரையோடு பெருக்கிக் கூட்ட வேண்டும், வெவ்வேறு நிரைகளுக்கு 0 வரவேண்டும், அதாவது வகுப்புப் பருமன்கள் 1, 10, 15, 20, 20, 30, 24 ஆல் பெருக்கி: 5+10+15−20+20−30+0 = 0. உன் நிரைக்கு −40 வரும். பருமனிலும் பிள்ளைகள் வழுக்குவார்கள்: (2,2,1) க்கு 2×2×1 ஐ மட்டும் எடுத்து 120 ஐ வகுத்தால் 30. இரண்டு 2களும் தங்களுக்குள் இடம்மாறலாம் என்பதற்கான 2! ஐயும் சேர்த்தால்தான் 8, பருமன் 15. விட்டால் ஏழு வகுப்பும் சேர்ந்து 135 ஆகும்.

பருமனே தேவைப்படாத ஒரு சோதனையும் உண்டு, எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும். (3,2) வகுப்பு உறுப்பிலிருந்து 3-வட்டத்தை நீக்கினால் வெறும் இடமாற்று மிஞ்சும். இரண்டின் கரக்டர்களும் 3 ஆல் வகுக்க ஒரே மீதி தரவேண்டும். இடமாற்றுக்கு 1, உன் −1 அதோடு ஒத்துவராது.

அடுத்தது மாறிகள். தாளில் மூன்று மாறிகளில் எல்லாவற்றையும் செய்யச் சொல்லியிருக்கிறாய். மூன்று நிரைக்கு மேற்பட்ட சூர் பல்லுறுப்பிகள் (ஒவ்வொரு யங் படத்துக்கும் ஒன்றாக வரும் சமச்சீர்ப் பல்லுறுப்பிகள்) அங்கே பூச்சியமாகிவிடும், (2,1,1,1), (1,1,1,1,1) இரண்டும் தொலையும். வகுப்புக்கு ஒன்றாக ஏழு அடுக்குக்கூட்டுப் பெருக்கங்கள் உண்டு, (3,2) க்கு மாறிகளின் 3ஆம் அடுக்குகளின் கூட்டுத்தொகையை 2ஆம் அடுக்குகளின் கூட்டுத்தொகையால் பெருக்கியது. இவற்றைச் சூர் பல்லுறுப்பிகளில் எழுதும்போது வரும் குணகங்களே கரக்டர்கள். மூன்று மாறியில் இந்த ஏழும் 5 பரிமாண வெளிக்குள் நெருங்கி நிற்கும், நேர்மாறு எடுக்க ஏலாது. முழு அட்டவணைக்கு 5 மாறி வேண்டும். ஆனால் தனி நிரைக்கு அவ்வளவு தேவையில்லை. (3,2) க்கு அ, ஆ என்ற இரண்டே போதும்: (அ³+ஆ³)(அ²+ஆ²)(அ−ஆ) ஐ விரித்து அ⁴ஆ² இன் குணகத்தைப் பார். அடுக்குகள் 3+1, 2+0 என்பதால் அந்த உறுப்பு. அது +1. 1900 இல் புரோபேனியஸ் கொடுத்த வழியே இது. யங் படம் தெரியாத பிள்ளையும் செய்யலாம், அதனால் முதல் வகுப்பில் இதையே வைப்பது நல்லது என்பது என் எண்ணம்.

துணிகோவைப் பக்கத்தில் பெரிய குறை இல்லை. எச்3 எச்2 − எச்4 எச்1 சரி (எச்3 என்பது 3ஆம் படி உறுப்புகள் எல்லாவற்றின் கூட்டுத்தொகை, மற்றவையும் அப்படியே), பரிமாணம், அதாவது நிரையின் முதல் எண், 10−5 = 5. நிரை வழியே போகப் போகச் சுட்டெண் கூடும் என்று மட்டும் ஒரு வரி சேர்.

(2,2,1) நிரையையும் மாற்ற மறக்காதே. அது (3,2) நிரையை வரிசைமாற்றத்தின் குறியால் பெருக்கியது: 5, −1, 1, −1, −1, 1, 0. 6 க்கான அட்டவணையில் 11 நிரை. போட்டு முடித்தால் அனுப்பு, பார்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
சிவா