புதன்கிழமை மாலையும் பிள்ளைகளின் பாதுகாப்பும்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

புதன்கிழமை மாலை புறப்பாட நடவடிக்கைக்கு (விளையாட்டு, மன்றக் கூட்டங்களுக்கு) வரும் பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிறார்கள். ஏன் என்று கேட்டால், "அம்மாவுக்குப் பயம், சார்" என்கிறார்கள். அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். கடைத்தெருவில் சங்கிலி அறுத்தார்கள், தாமான் எனும் நம் குடியிருப்புப் பகுதியில் மோட்டார் சைக்கிள்கள் களவு போயின. விடியுமுன் இருட்டில் ரப்பர் தோட்டத்துக்குப் பால்மரம் வெட்டக் கிளம்பும் தாய்மார்கள் பயப்படாமல் எப்படி இருப்பார்கள்?

ஆனால் பயந்து எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டால் தெரு வெறிச்சோடிப் போகிறது. திருடனுக்கு அதுதான் வசதி. அமெரிக்காவின் நியூவார்க் நகரில் 1970களின் கடைசியில் போலீசாரைக் காரிலிருந்து இறக்கி, நடந்தே ரோந்து போகச் செய்தார்கள். குற்றங்கள் பெரிதாகக் குறையவில்லை. மக்களின் பயம் குறைந்தது. தெருவில் தெரிந்த முகம் இருப்பது அவ்வளவு பெரிய தைரியம். தோட்டத்து லயத்தில் வரிசை வீடுகளில் வாழ்ந்தபோது நமக்கு அது தானாகவே கிடைத்தது. தாமானுக்கு வந்த பிறகு பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடப் பலருக்குத் தெரிவதில்லை.

அதனால் ஒரு ஏற்பாடு. புதன்கிழமைகளில் பிள்ளைகள் தெருவாரியாகச் சேர்ந்து வீடு திரும்பட்டும். ஒவ்வொரு குழுவோடும் பெற்றோர் இருவர் நடந்து வாருங்கள். வேலை நேரம் ஒத்துவராவிட்டால் தாத்தா பாட்டி வரட்டும். ருக்குன் தெத்தாங்கா எனும் அக்கம்பக்கத்தார் காவல் அமைப்பு 1975 முதல் நம் மலேசியாவில் இருக்கிறது. அப்பாமார்கள் அதில் சேர்ந்து இரவு ரோந்துக்குப் போனால் மிகவும் நல்லது.

அப்புறம், பிள்ளை பிடிக்க வெள்ளை வேன் வருகிறது என்ற வாட்ஸ்அப் செய்தி. உண்மையா என்று தெரியாமல் தயவுசெய்து யாருக்கும் அனுப்பாதீர்கள். பொய்ச் செய்தி பரப்பினால் 1998ஆம் ஆண்டு தொடர்பு, பல்லூடகச் சட்டம் பாயும் என்பது ஒரு பக்கம். அதைப் படித்துவிட்டுப் பள்ளிக்கூட வாசலில் அழுது நிற்கும் முதலாம் ஆண்டுப் பிள்ளையைப் பார்க்க எனக்கு மனசு தாங்கவில்லை. "வெளியே போனால் தூக்கிட்டுப் போயிடுவான்" என்று மிரட்டுவதைவிட, உங்கள் கைப்பேசி எண்ணை மனப்பாடம் செய்ய வையுங்கள். அவசரத்தில் எந்தக் கடைக்குள் ஓட வேண்டும் என்று காட்டிக் கொடுங்கள்.

யாராவது பையைப் பறித்தால் விட்டுவிடுங்கள், துரத்தாதீர்கள். 999க்கு அழையுங்கள். சின்னத் திருட்டு என்றாலும் போலீஸ் நிலையத்தில் புகார் கொடுங்கள். புகாரே இல்லாத தெருவுக்கு ரோந்து கேட்பது கஷ்டம்.

குழுவில் நடக்க முடிந்தவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் பெயர் கொடுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்