தோற்ற ஆட்டத்தின் தாள்

ஏற்காடு

அன்பார்ந்த பெற்றோருக்கு,

வணக்கம். போன சனிக்கிழமை சேலத்தில் நடந்த செஸ் போட்டிக்கு நம் பள்ளியிலிருந்து 11 பேர் போய் வந்தார்கள். 2 பேர் அடுத்த சுற்றுக்குத் தேறியிருக்கிறார்கள், மகிழ்ச்சி. மற்ற 9 பேருக்காகத்தான் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

திரும்பி வரும்போது 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி முடிகிற வரை ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தான். கேட்டதற்கு, "வீட்டில் என்ன சொல்வது சார்?" என்றான். திங்கட்கிழமை உங்களில் நான்கு பேர் வந்து, "தோற்பதற்கு எதுக்கு சார் பஸ் செலவு? இனி அனுப்பவில்லை" என்றீர்கள். காப்பிப் பழம் பறிக்கிற நேரத்தில் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்து சொன்னீர்கள். உங்கள் சிரமம் எனக்குப் புரிகிறது.

விஸ்வநாதன் ஆனந்தை உங்கள் எல்லாருக்கும் தெரியும். மயிலாடுதுறையில் பிறந்தவர். 1988-ல் நம் பக்கத்துக் கோவையில் நடந்த போட்டியில் வென்று செஸ்ஸின் மிக உயர்ந்த பட்டமான கிராண்ட்மாஸ்டர் பட்டத்தை இந்தியாவில் முதலில் பெற்றவர் ஆனார். அப்போது நான் எட்டாம் வகுப்பு. ஐந்து முறை உலக சாம்பியன். சரி, பட்டங்கள் இருக்கட்டும். அவருடைய அம்மா சுசீலாவைப் பற்றிச் சொல்கிறேன்.

மகனுக்கு ஆறு வயதில் காய் நகர்த்தக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். அப்பாவின் ரயில்வே வேலைக்காகக் குடும்பம் சில காலம் மணிலாவில் இருந்தது. அங்கே மத்தியானம் டிவியில் செஸ் நிகழ்ச்சி வரும், கடைசியில் ஒரு புதிர் போடுவார்கள். அந்த நேரத்தில் பையன் பள்ளிக்கூடத்தில் இருப்பான். அம்மா உட்கார்ந்து புதிரை எழுதி வைப்பார். சாயங்காலம் இருவரும் சேர்ந்து விடை கண்டுபிடித்து அனுப்புவார்கள். பரிசு ஒரு செஸ் புத்தகம். பையன் ஜெயித்துக்கொண்டே இருந்ததால், "வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொள், இனிமேல் விடை அனுப்பாதே" என்று நிகழ்ச்சிக்காரர்களே சொல்லிவிட்டார்களாம்! அந்த அம்மா எழுதி வைத்த தாள்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நெகிழும்.

அப்புறம் 2010. பல்கேரியாவின் டோபலோவோடு அவருடைய நாட்டுத் தலைநகரான சோபியாவிலேயே உலகப் பட்டத்துக்கான ஆட்டம். ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பலால் விமானங்கள் நின்றுபோக, ஆனந்த் ஜெர்மனியிலிருந்து சுமார் 40 மணி நேரம் சாலை வழியாகவே போய்ச் சேர்ந்தார். முதல் ஆட்டத்தில், வீட்டில் தயார் செய்து வைத்திருந்த நகர்த்தலின் வரிசையை மறந்து, 30 நகர்த்தலில் தோற்றார். உலக சாம்பியனுக்கே பாடம் மறந்துபோகிறது! மறுநாளே ஜெயித்தார். எட்டாவது ஆட்டத்தில் மறுபடி தோல்வி. கடைசி, பன்னிரண்டாவது ஆட்டத்தில் கறுப்புக் காய்களோடு ஆடி வென்று பட்டத்தைத் தக்கவைத்துக்கொண்டார். 2013-ல் சென்னையில், நம் மக்கள் கண் முன்னால் நார்வேயின் கார்ல்சனிடம் பட்டத்தை இழந்தார். சில மாதங்களிலேயே ரஷ்யாவில் நடந்த தகுதிப் போட்டியில் முதலிடம் பிடித்து, மறுபடி கார்ல்சன் எதிரில் போய் உட்கார்ந்தார்.

போட்டியில் ஆடிய ஒவ்வொரு நகர்த்தலையும் நம் பிள்ளைகளை ஒரு தாளில் எழுதச் சொல்லியிருந்தோம். எல்லாரிடமும் அந்தத் தாள் இருக்கிறது. ராத்திரி சாப்பிட்ட பிறகு, "எந்த இடத்தில் தப்பாச்சு, காட்டு" என்று ஒரு தடவை கேளுங்கள். உங்களுக்கு ஆட்டம் தெரியாவிட்டால் இன்னும் நல்லது. உங்களுக்குப் புரியவைக்க அவனே யோசிப்பான். பஸ்ஸில் அழுத பையன் செவ்வாய்க்கிழமை என் மேஜைக்கு வந்து, குதிரையைக் கவனிக்காமல் ராணியை விட்ட இடத்தைத் தானே காட்டினான். பேனாவால் வட்டம் போட்டிருந்தான்.

அடுத்த போட்டிக்கான பஸ் செலவை ஆசிரியர்கள் நாங்கள் ஏற்றுக்கொள்கிறோம். சனிக்கிழமை காலை 10 மணிக்கு 11 பேரையும் அனுப்பிவையுங்கள். தாளையும் கொண்டு வரட்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்