டைம் கீப்பர் அப்பாவின் கணக்கு

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் மே மாதம் சென்னையிலிருந்து விமானத்தில் உன் வீட்டுக்கு வருவதைப் பற்றிப் போன வாரம் போனில் பேசும்போது, "பதினோரு மணி நேரம்தான்பா, ஒரு தூக்கம் போட்டா லண்டன்" என்றாய். எனக்கு அன்றைக்குத் தூக்கம் போனதுதான் மிச்சம். முப்பது வருஷம் பஸ் டிப்போவில் டைம் கீப்பராக உட்கார்ந்தவன். யாராவது ரன்னிங் டைம் சொன்னால் கிலோமீட்டரையும் கேட்டால்தான் எனக்கு நிம்மதி.

மறுநாள் உன் பள்ளிக்கூடத்துப் பூமி உருண்டையைப் பரணிலிருந்து இறக்கினேன். பூக்கட்டும் நூலின் ஒரு முனையைச் சென்னை மேல் வைத்து அம்மா கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டாள். மறுமுனையை நான் லண்டனுக்கு இழுத்தேன். ஒரு சாண்கூட வரவில்லை. "இவ்வளவுதானா?" என்றாள். அந்தத் துண்டு நூல்தான் சுமார் 8,200 கிலோமீட்டர்.

நூல் சிந்து, ஈரான், காஸ்பியன் கடல், உக்ரைன் என்று வடமேற்காகப் போகிறது. ஆனால் 2022 பிப்ரவரியிலிருந்து உக்ரைன் வானம் மூடிக் கிடக்கிறது. பாலம் உடைந்தால் நாங்கள் பஸ்ஸைச் சுற்றி விடுவோமே, அதே கதை. விமானம் தெற்கே ஒதுங்கித்தான் போகிறது. அப்புறம், அந்த உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பெருங்காற்று அடிக்கிறதாம். போகும்போது அது முகத்தில், வரும்போது முதுகில். அதனால்தான் போக பதினொன்று, வர பத்து.

இங்கே நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினால் சென்னைக்கு 650 கிலோமீட்டர். அதற்கே பத்துப் பதினோரு மணி நேரம் ஆகிறது. அதே நேரத்தில் விமானத்தில் ஏறினவன் லண்டனில் இறங்கிவிடுகிறான். இதைச் சொன்னதும் அம்மாவுக்குப் பயம் பாதி போய்விட்டது. ரயிலில் பெர்த் உண்டு, காலை நீட்டலாம் என்பதை நான் சொல்லவில்லை.

துபாயில் மாறிப் போனால் டிக்கெட் மலிவு என்றாயே, அதையும் போட்டுப் பார்த்தேன். சென்னை–துபாய் ஏறக்குறைய 2,900, துபாய்–லண்டன் 5,500. மொத்தம் 8,400. இருநூறு கிலோமீட்டர்தான் கூடுதல்! ஆனால் நாலு மணி நேரம், ஏழரை மணி நேரம், நடுவில் மூன்று மணி நேரம் காத்திருப்பு என்று பதினாலரை ஆகிவிடுகிறது. வண்டி ஓடுகிற நேரம் யாரையும் கெடுக்காது. நிற்கிற நேரம்தான் கெடுக்கும். அந்த மூன்று மணி நேரத்தில் அம்மா எவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கும் என்று யோசி. சாயங்காலமானால் அவள் கால் வீங்கி, மெட்டி அழுந்துகிறது. உன்னிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள். நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே.

சரி, முடிவு இதுதான். முந்தின நாள் காலையில் தாம்பரத்தில் இறங்கி, அத்தை வீட்டில் பகல் முழுக்க அம்மாவைப் படுக்க வைத்துவிடுகிறேன். விடியக்காலை விமானம். மே மாதத்தில் உங்கள் கடிகாரம் நாலரை மணி நேரம் பிந்தி என்பதால், அன்று மத்தியானச் சாப்பாடு உன் வீட்டில். ரசம் மட்டும் வைத்தால் போதும், பருப்புப்பொடி நாங்கள் கொண்டு வருகிறோம்.

நேர் விமானத்திலேயே போடு. கூடுதல் பணத்தை நான் அனுப்புகிறேன், வேண்டாம் என்று சொல்லாதே. சக்கர நாற்காலிக்கும் இப்போதே சொல்லி வை. அம்மாவுக்கு நடைவழி ஓரம், எழுந்து நடக்க வசதி. ஜன்னலோரம் எனக்கு.

அன்புடன்,
அப்பா