செயலாளரின் ஆண்டறிக்கை: ரீயூனியன் மாணவர்களுக்குப் பங்குனி ஆமை ஓவிய வகுப்பு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இவ்வாண்டு நமது சங்கம் மேற்கொண்ட பணிகளில் முதன்மையானது, புதுச்சேரி, கடலூர் கரைகளில் முட்டையிடும் பங்குனி ஆமையை (ஆலிவ் ரிட்லி), இந்தியப் பெருங்கடலில் பிரான்சுக்கு உட்பட்ட ரீயூனியன் தீவின் பள்ளி மாணவர்களுக்கு ஓவியத்தின் வழியே அறிமுகப்படுத்தியதாகும். 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலேறியவர்களின் வழித்தோன்றல்கள் அங்கே வாழ்வதால் அத்தீவைத் தேர்ந்தெடுத்தோம். நம் ஓவிய ஆசிரியர்கள் காணொளியில் தமிழில் கற்பிக்க, பிரெஞ்சு அறிந்த உறுப்பினர்கள் உடனுக்குடன் மொழிபெயர்த்தனர்.

படத்தைப் பார்த்து அப்படியே வரையச் சொல்லாமல், முதுகோட்டின் தகடுகளை எண்ணி வரையச் சொன்னோம். அத்தீவுப் பிள்ளைகளுக்குப் பழக்கமான பேராமைக்கு (பச்சைக் கடலாமை) நடுவரிசையின் இருபுறமும் நான்கு நான்கு தகடுகளே உண்டு. பங்குனி ஆமைக்கோ பெரும்பாலும் ஆறு அல்லது அதற்கு மேல் இருக்கும், இடமும் வலமும் ஒத்திருக்க வேண்டும் என்பதுமில்லை. முதல் வகுப்பில் பலரும் நான்கே வரைந்தனர்; எண்ணத் தொடங்கிய பின்னர்தான் இது வேறோர் ஆமை என்பது அவர்களுக்குப் புலப்பட்டது. நாளிதழ்த் தாள்களை ஒன்றோடொன்று ஒட்டி 70 செ.மீ. நீள முதுகோட்டை முழு அளவில் வரைந்து, பக்கத்தில் 4 செ.மீ. குஞ்சையும் வரைய வைத்தது நல்ல பலன் தந்தது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை இருந்தும் ஆமைகள் ஏன் இறந்து கரையொதுங்குகின்றன என்று ஒரு மாணவி கேட்டார். அத்தடை மீன்களின் இனப்பெருக்கத்தைக் கருதி வகுக்கப்பட்டது என்பதையும், ஆமைகள் அதற்கு முன்பே, ஜனவரி முதல் மார்ச் வரை பெருமளவில் கரையை நாடுவதால் இழுவலையில் சிக்கி, மூச்செடுக்க மேலே வர இயலாமல் மடிகின்றன என்பதையும் மறைக்காமல் சொன்னோம். நம் ஊர்ப் பள்ளி நிகழ்ச்சிகளில் இக்கேள்வி இதுவரை எழவில்லை என்பது எனக்கு உறுத்தலாகவே உள்ளது.

பதிலுக்கு அவர்கள் அனுப்பியவை பரோ பெட்ரல் என்னும் கடற்பறவையின் ஓவியங்கள். ரீயூனியனின் உயர்மலைகளில் மண்ணில் வளை தோண்டிக் குஞ்சு பொரிக்கும் இவ்வினம் அருகிவருகிறது. இரவில் முதன்முறையாகக் கடலை நோக்கிப் பறக்கும் இளம்பறவைகள் நகர விளக்குகளால் திசைமாறித் தெருவில் விழுகின்றன. கடற்பரப்பின் வெளிச்சத்தை நோக்கி ஊர வேண்டிய நம் ஆமைக்குஞ்சுகளும் சாலை விளக்குகளால் இவ்வாறே வழி தவறுகின்றன.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். குஞ்சு பொரிக்கும் மார்ச் முதல் மே வரை, கடலை நோக்கிய விளக்குகளுக்கு மறைப்பிடக் கோரும் மனுவுடன் இவ்வோவியங்களின் படிகளை இணைத்து அளிக்கவும், இதே வகுப்பை வரும் ஆண்டு நம் கடலோரப் பள்ளிகளில் நடத்தவும் பொதுக்குழுவின் ஒப்புதலை வேண்டுகிறேன்.

செயலாளர்