மூடி திறந்திருக்கும்போதும் முள்ளில் கரன்ட்: உங்கள் சாசேஜ் குக்கர் பற்றிய புகார்

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற மின்னியல் ஆய்வகப் பயிற்றுநர்,
ஈரோடு.

பெறுநர்:
வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர் அவர்களுக்கு.

பொருள்: 'ஒரு நிமிட' சாசேஜ் குக்கரில் மூடி சுவிட்ச் இல்லாதது, பேத்திக்கு ஷாக் அடித்தது, விற்பனையை நிறுத்தக் கோருவது.

ஐயா / அம்மா,

வணக்கம். உங்கள் சாசேஜ் குக்கரை இணையத்தில் 1,499 ரூபாய் கொடுத்து வாங்கி மூன்று வாரம் ஆகிறது. பில்லும் படங்களும் இத்துடன் இணைத்திருக்கிறேன். இரண்டு முறை போனில் பேசினேன், ஒரு முறை மின்னஞ்சல் அனுப்பினேன். வந்த பதில்களைப் பார்த்தால் நான் எழுதியதை அங்கே யாரும் கடைசி வரி வரை படித்ததாகத் தெரியவில்லை. அதனால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மாலை. விடுமுறைக்கு வந்திருக்கும் என் மகள் வயிற்றுப் பேத்திக்கு ஒன்பது வயது. சாசேஜ் என்றால் அவளுக்கு உயிர், எனக்கு அந்த வாசனையே ஆகாது. அவளுக்காகத்தான் இதை வாங்கினேன். இரண்டு பக்கமும் இருக்கும் முட்களில் சாசேஜைக் குத்தி, மூடியைச் சாத்தி, சுவிட்சைப் போட்டு அறுபது வரை எண்ணுவது அவளுக்கு ஒரு விளையாட்டு. அன்றும் எண்ணினாள். "அம்மிச்சி, ஒரு பக்கம் வேகலை" என்றபடி மூடியைத் திறந்தாள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். மூடியைத் திறந்துவிட்டாள், கரன்ட் நின்றிருக்கும் என்று நினைத்தேன். சிவப்பு விளக்கு எரிகிறதா என்று திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. அது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன்.

அவள் எவர்சில்வர் முள்கரண்டியால் சாசேஜைத் திருப்பப் போயிருக்கிறாள். ஒரு அலறல், கரண்டி தரையில் விழுந்த சத்தம், ஃபேனும் லைட்டும் ஒன்றாக நின்றது. ஓடிப்போய்ப் பார்த்தால் குழந்தை சுவரோடு ஒட்டி நின்று நடுங்கிக்கொண்டிருக்கிறாள். விரலில் காயமில்லை. மெயின் போர்டில், கரன்ட் கசிந்தால் தானாகவே லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபி விழுந்திருந்தது. மூன்று வருடத்துக்கு முன் வீட்டு வயரிங்கை மாற்றியபோது, இதெல்லாம் எதற்கு வீண் செலவு என்று எலக்ட்ரீஷியன் சொன்னதைக் கேட்காமல் நான் போடச் சொன்னது அது. என் மகளிடம் இன்னும் பாதிதான் சொல்லியிருக்கிறேன்.

இப்போது உங்கள் வாடிக்கையாளர் சேவையில் பேசிய தம்பி சொன்னதற்கு வருகிறேன். "இது புது டெக்னாலஜி மேடம், பழகக் கொஞ்ச நாள் ஆகும்" என்றார். பாலிடெக்னிக்கில் முப்பது வருடம் ஆய்வகம் பார்த்தவளிடம் சொன்னார், பாவம், அவருக்கு எப்படித் தெரியும். தம்பி, உணவு வழியாகவே கரன்டைப் பாய்ச்சி அதைச் சூடாக்கும் இந்த முறை புதிதே இல்லை. ஒரு பொருளில் மின்சாரம் பாய்ந்தால் எவ்வளவு சூடு பிறக்கும் என்று விஞ்ஞானி ஜூல் கணக்குச் சொன்னது 1840களில். 1920, 30களில் அமெரிக்காவில் கார்பன் தகடுகளுக்கு நடுவே பாலை ஓடவிட்டு, அந்தப் பாலிலேயே கரன்டைப் பாய்ச்சிச் சூடாக்கிக் கிருமி நீக்கினார்கள். 1960, 70களில் அங்கே வீட்டுச் சமையலறைகளில் ஹாட் டாக் வேக வைக்க உங்களுடையதைப் போன்ற முள் வைத்த கருவி விற்றது. ஜப்பானில் பாங்கோ என்ற ரொட்டித்தூளுக்காக இந்த முறையில் ரொட்டி செய்கிறார்கள். சூடு மாவுக்குள்ளேயே பிறப்பதால் மேல்தோல் சிவக்காமல் முழு ரொட்டியும் வெள்ளையாக வருகிறது.

அவ்வளவு தூரம் போவானேன். சளி பிடித்தால் ஆவி பிடிக்கும் பிளாஸ்டிக் வேப்பரைசரில், தண்ணீர் கொதிக்கவில்லை என்றால் ஒரு சிட்டிகை உப்புப் போடுகிறோமே, எதற்கு? பல வேப்பரைசர்களில் சூடாகும் சுருளே கிடையாது. இரண்டு தகடு, நடுவில் தண்ணீர், கரன்ட் தண்ணீர் வழியாகவே போகிறது. உப்புப் போட்டால் இன்னும் தாராளமாகப் போகும். ஹாஸ்டல் பையன்கள் இரண்டு சவர பிளேடுக்கு நடுவில் தீக்குச்சியைச் செருகி, வயரைக் கட்டி, வாளித் தண்ணீரைக் கொதிக்க வைப்பதும் இதே வித்தைதான். அப்படிச் செய்த ஒருவனை நான் ஆய்வகத்திலிருந்து ஒரு வாரம் வெளியே நிறுத்தியிருக்கிறேன்.

ஆகவே முறையில் எனக்குச் சண்டை இல்லை. சொல்லப்போனால் பிடிக்கும். அடுப்பில் சூடு வெளியிலிருந்து உள்ளே போக வேண்டும். இதில் சாசேஜே ஹீட்டர் காயில். உப்பும் ஈரமும் இருக்கிற இடமெல்லாம் ஒரே நேரத்தில் சூடாகும், அதனால்தான் ஒரு நிமிடத்தில் வேகிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். பல மின்அடுப்புகளில் கரன்ட் போகும் கம்பி உறைக்குள் இருக்கும், சாப்பாட்டில் கரன்ட் இருக்காது. இதில் சாப்பாடே 230 வோல்ட்டில் இருக்கிறது. எனவே இந்த முறையில் கருவி செய்கிறவனுக்கு, வேகும்போது அதை யாரும் தொட முடியாமல் வைப்பதுதான் பாதி வேலை. அந்தப் பாதியை நீங்கள் செய்யவில்லை.

மறுநாள் பேத்தியைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு குக்கரைச் சோதித்தேன். மூடியைத் திறந்து வைத்துச் சுவிட்சைப் போட்டேன். விளக்கு எரிந்தது. முள்ளில் டெஸ்டரை வைத்தேன், பளிச்சென்று எரிந்தது. கரன்டை அளக்கும் க்ளாம்ப் மீட்டரை ஒரு வயரில் மாட்டி சாசேஜை வேக வைத்தேன். முதலில் 0.9 ஆம்பியர். சூடு ஏற ஏற கரன்டும் ஏறி நாற்பது நொடியில் 1.8. பிறகு முள் குத்திய இடத்தில் ஈரம் வற்றியதும் இறங்க ஆரம்பித்தது. வேக வைக்கும் வேலையை உங்கள் கருவி ஒழுங்காகவே செய்கிறது. 1.8 என்பது பார்க்கச் சின்ன எண். ஆனால் மார்பின் குறுக்கே போனால் ஒரு ஆளைக் கொல்ல 0.1 ஆம்பியர் போதும்.

அடியில் இருக்கும் நான்கு ஸ்க்ரூவையும் கழற்றினேன். அதற்காக உத்தரவாதம் ரத்து என்று எழுதியிருக்கிறீர்கள், ரத்து செய்துகொள்ளுங்கள். உள்ளே பார்த்ததுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். உங்கள் மூடியின் ஓரத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் நாக்கு இருக்கிறது. மூடியைச் சாத்தினால் அது பெட்டியில் உள்ள ஒரு துளைக்குள் இறங்குகிறது. துளைக்கு நேர் கீழே ஒரு சுவிட்ச் உட்கார அச்சிலேயே இடம் வார்த்து, ஸ்க்ரூ போடும் குமிழ்கள் இரண்டும் வைத்திருக்கிறீர்கள். ஆனால் அங்கே சுவிட்ச் இல்லை. சுவிட்சுக்கு வர வேண்டிய இரண்டு வயரையும் ஒன்றோடொன்று முறுக்கி, கறுப்பு டேப் சுற்றி விட்டிருக்கிறது. மூன்றாவது படத்தைப் பாருங்கள்.

அதாவது, மூடி திறந்தால் கரன்ட் நிற்க வேண்டும் என்று இதை வடிவமைத்தவருக்குத் தெரிந்திருக்கிறது. அச்சு செய்தவருக்கும் தெரிந்திருக்கிறது. அப்புறம் யாரோ ஒருவர் அந்தச் சுவிட்ச் வேண்டாம் என்று முடிவெடுத்திருக்கிறார். கடைத்தெருவில் சில்லறைக்கு வாங்கினாலே அந்த மைக்ரோ சுவிட்ச் ஒரு காபி விலைதான். மொத்தமாக வாங்கும் உங்களுக்கு எவ்வளவு மிச்சமானது என்று தெரியவில்லை.

மின்னஞ்சலில் உங்கள் பதில்: "மூடி, எண்ணெய் தெறிக்காமல் இருப்பதற்கான வசதி மட்டுமே. சாசேஜில் உப்பு அதிகம் இருந்ததால் இப்படி நிகழ்ந்திருக்கலாம்." எண்ணெய் தெறிக்காமல் இருக்க மூடிக்கு நாக்கு எதற்கு? உப்புக் குறைவான சாசேஜ் என்றால் முள்ளில் 230 வோல்ட் இருக்காதா?

இன்னொன்றும் கண்டேன், இது இன்னும் மோசம். உங்கள் ப்ளக் இரண்டு பின். எப்படி வேண்டுமானாலும் திருப்பிச் செருகலாம். உங்கள் சுவிட்ச் ஒரு வயரை மட்டும்தான் துண்டிக்கிறது. ப்ளக்கை ஒரு பக்கமாகச் செருகினால், சுவிட்சை அணைத்ததும் கரன்ட் வரும் வயரான ஃபேஸ் நிற்கிறது, சரி. திருப்பிச் செருகினால் கரன்ட் திரும்பிப் போகும் நியூட்ரல்தான் நிற்கிறது. அப்போது சுவிட்சை அணைத்து, விளக்கும் அணைந்த பிறகு, ஒரு முள்ளில் டெஸ்டர் எரிகிறது. சாசேஜ் குத்தியிருந்தால் மற்ற முள்ளிலும் எரிகிறது. அணைத்துவிட்டோம் என்று நம்பிக் கையால் எடுக்கிறவர் கதி என்ன?

ஆர்சிசிபி இருந்தால் போதுமே என்று உங்கள் பொறியாளர் சொல்லலாம். என் பேத்தியை அது காப்பாற்றியது உண்மை. துடைத்த ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றதால் கரன்ட் அவள் வழியாக மண்ணுக்கு இறங்கியது. போன கரன்டுக்கும் திரும்பிய கரன்டுக்கும் கணக்கு உதைத்தது, 30 மில்லி ஆம்பியர் வித்தியாசத்துக்கே விழக்கூடிய கருவி விழுந்தது. அவளே ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு, ஒரு கை ஒரு முள்ளிலும் மறு கை மற்ற முள்ளிலும் பட்டிருந்தால்? ஃபேஸில் புறப்பட்ட கரன்ட் அவள் மார்பைக் கடந்து நியூட்ரலுக்கே போய்ச் சேர்ந்திருக்கும். போனதும் வந்ததும் சரியாக இருக்கும், ஆர்சிசிபி சும்மா இருக்கும். கரன்ட் அளவு மீறினால் துண்டிக்கும் எம்சிபியோ 16 ஆம்பியரைத் தாண்டாமல் அசையவே அசையாது. இதை எழுதும்போதே எனக்குக் கை நடுங்குகிறது. ஆர்சிசிபியே இல்லாத வீடுகளும் எத்தனையோ இருக்கின்றன, அங்கேயும் நீங்கள் விற்கிறீர்கள்.

வீட்டு மின்கருவிகளுக்கு ஐஎஸ் 302 என்று ஒரு தரநிலை இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். கரன்ட் உள்ள பாகத்தில் விரல் படக் கூடாது என்பது அதில் அரிச்சுவடி. பெட்டியில் ஐஎஸ்ஐ முத்திரையைத் தேடினேன், இல்லை. எச்சரிக்கை வாசகத்தைத் தேடினேன். "குழந்தைகளும் எளிதாகப் பயன்படுத்தலாம்" என்று சிரிக்கிற குழந்தை படத்தோடு போட்டிருக்கிறது.

மற்ற குறைகளையும் சொல்லிவிடுகிறேன், பெரிதில்லை. விளம்பரத்தில் உருளைக்கிழங்கும் பன்னீரும் ஒரு நிமிடத்தில் வேகும் என்கிறீர்கள். பச்சை உருளைக்கிழங்கில் மீட்டர் அசையவே இல்லை, உப்பில்லாத பன்னீரில் முள்ளைச் சுற்றிக் கருகி நடுவில் சில்லென்று இருந்தது. முட்கள் ஏழெட்டு முறையிலேயே பூச்சு உரிந்து துருப்பிடித்துவிட்டன. உணவில் நேரடியாகக் கரன்ட் பாய்ச்சும்போது உலோகம் அரிக்கும் என்பதால்தான் ஆலைகளில் டைட்டானியம் போன்றவற்றைப் போடுகிறார்கள். பூச்சுப் பூசிய இரும்பு முள்ளில் வெந்ததைத்தான் என் பேத்தி இத்தனை நாள் சாப்பிட்டிருக்கிறாள்.

பாதி விலைக்கு கூப்பன் தருவதாகச் சொன்னீர்கள். வேண்டாம். முழுத் தொகையையும் வங்கிக் கணக்கில் திருப்பிப் போடுங்கள். ஆனால் அது இரண்டாவது. முதலில் இந்த மாடலின் விற்பனையை நிறுத்துங்கள். இதுவரை வாங்கிய எல்லாருடைய போன் நம்பரும் உங்களிடம் இருக்கிறது, பண்டிகைத் தள்ளுபடிக்குக் குறுஞ்செய்தி அனுப்பத் தெரிகிறதே. அதே நம்பர்களுக்கு, கருவியைப் பயன்படுத்த வேண்டாம், ப்ளக்கைப் பிடுங்கி வையுங்கள் என்று தமிழிலும் அனுப்புங்கள். வாங்கிய கருவிகளைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். மறுபடி விற்பதாக இருந்தால் மூடியில் சுவிட்ச் வைத்து, அது இரண்டு வயரையும் துண்டிக்கும்படி செய்து, தரச்சோதனை முடித்து விற்பது உங்கள் பாடு.

இன்றிலிருந்து 15 நாள் பார்ப்பேன். பதில் இல்லையென்றால் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்திலும், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் கொடுப்பேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருளின் வடிவமைப்புக் குறைக்கும், தயாரிப்புக் குறைக்கும், போதிய எச்சரிக்கை தராததற்கும் தயாரிப்பாளரே பொறுப்பு. உங்கள் குக்கரில் மூன்றுமே இருக்கின்றன. 5 லட்சம் ரூபாய் வரை உள்ள வழக்குக்கு மனுக் கட்டணமும் கிடையாது, வக்கீல் இல்லாமல் நானே வாதாடலாம். எனக்கு நேரம் நிறைய இருக்கிறது.

கருவியைக் கூரியரில் திருப்பி அனுப்பச் சொல்லி நேற்றும் குறுஞ்செய்தி வந்தது. அனுப்ப மாட்டேன். அந்த முறுக்கிய வயர் அப்படியே இருக்கிறது, அதைப் பிரிக்கவில்லை. பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். உங்கள் பொறியாளரை அனுப்புங்கள், முன்னிலையில் திறந்து காட்டுகிறேன். மதியம் இரண்டு மணிக்கு மேல் வந்தால் நல்லது. டெஸ்டர் கொண்டுவர வேண்டாம், என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் கருவியை வாங்கியவர்,
ஈரோடு.

இணைப்பு: பில் நகல், படங்கள் 6, உங்கள் மின்னஞ்சல் பதிலின் நகல்.